மஞ்சக்குப்பத்துப் பஞ்சு: குட்டி போடும் முன்பு நடந்தவை

பூனையின் பெயர் பஞ்சு. பெர்ஷியன் பெட்டை, வெள்ளையில் சாம்பல் திட்டு, வயது இரண்டு, எடை 3.4 கிலோ. இடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் மாடி வாடகை வீடு. கணவன், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், கணவனின் அம்மா என்று நான்கு பேர். காலம் 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜூன் வரை. நான் புதுச்சேரிக்காரி, பூனைகளுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். மருத்துவம் பார்த்ததெல்லாம் கால்நடை மருத்துவர்கள். நான் கூட நின்று குறிப்பெடுத்தவள், அவ்வளவுதான். குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

பஞ்சு ஈன்றது ஒரே ஒரு நாள் விடியற்காலையில். அதற்கு முந்தைய ஆறு மாதம்தான் இந்த ஆய்வில் பெரும்பகுதி. காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் பேச்சு

"அக்கா, மூணு வாரத்துக்கு ஒரு தடவ ராத்திரி பூரா கத்துது. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. நல்ல கடுவனா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க." மனைவி போனில் சொன்னது இது. நேரில் போனபோது இன்னும் இரண்டு காரணங்கள் வெளியே வந்தன. ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு தேறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கணவனுக்கு வேறு கணக்கு: "பெர்ஷியன் குட்டி ஒண்ணு பத்தாயிரத்துக்குப் போகுதாமே?"

கத்தலுக்குத் தீர்வு குட்டி இல்லை. இணை தேடும் பருவத்தில்தான் பெட்டை அப்படிக் கத்தும். அந்தப் பருவம் பகல் நீளத்தைப் பார்த்து வருவது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அடங்கிப்போகும். நம் ஊரில் பகல் அவ்வளவாகச் சுருங்குவதில்லை என்பதால், இணை சேராத பெட்டை ஏறக்குறைய வருடம் முழுக்க இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். குட்டி போட்டாலும் பாலூட்டி முடிக்கும் முன்பே மறுபடி கத்தத் தொடங்கும். அதை நிறுத்துவது கருத்தடை ஒன்றுதான். ஒரு ஈற்றாவது வேண்டும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். ஒரு வயதுக்குள் கருத்தடை செய்துவிட்டால் அந்த வாய்ப்பு மிகப் பெரிய அளவில் குறைகிறது. பஞ்சுவுக்கு அந்த வயது ஏற்கெனவே தாண்டியிருந்தது.

பணக் கணக்குக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் நாளிலிருந்தே செலவு எழுதச் சொன்னேன்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஒரே ஒரு ஈற்று வேண்டும் என்று நின்றார்கள். மகளுக்காக என்றார் மனைவி. குட்டி பார்க்க ஆசையென்றால் கடலூர் ஓ.டி. (பழைய நகர்) துறைமுகப் பக்கம் போனால் மீன் கூடைகளுக்கு நடுவே வருடம் முழுக்கக் குட்டிகள் கிடக்கும், ஒன்றை எடுத்து வளர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இப்போதும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் நான் விலகிக்கொண்டால் அவர்கள் ஏதோ ஒரு விளம்பரத்தில் வரும் கடுவனிடம் பஞ்சுவைக் கொண்டுபோய் விடுவார்கள் என்பதும் தெரிந்தது. ஆகவே ஒரு நிபந்தனையோடு சரி என்றேன்: முதலில் குட்டிகளுக்கு நான்கு வீடு, அப்புறம்தான் இணை.

நான்கு வீடு

"எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று ஏற்கெனவே ஆறு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஆறு பேரிடமும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். தடுப்பூசி போடுவீர்களா? ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்வீர்களா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கேட்டு முடித்தபோது இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் தன்னிடம் இருக்கும் கடுவனுக்கு ஜோடி சேர்த்து "ரெண்டு காசு பாக்கலாம்னு" நினைத்ததாக வெள்ளந்தியாகவே சொன்னார். இன்னொருவர் வீட்டில் சமையல்கட்டில் பூனை நுழையக் கூடாது. ஆனால் வீடே ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு.

மிச்ச இரண்டு வீட்டைக் கண்டுபிடிக்க அக்டோபர் ஆகிவிட்டது. இந்தத் தாமதம் நல்லதாகவே முடிந்தது.

இடையில் சட்டம் பற்றியும் கேட்டார் கணவன். நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-ல் மத்திய அரசின் விதிகள் வந்தன. பெயரிலேயே நாய்தான், பூனை அதில் வராது. கடை வைத்து விற்பவர்களுக்கு 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் உண்டு, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். 1960-ம் வருடத்து வதைத் தடுப்புச் சட்டம் எல்லா விலங்குக்கும் பொது. ஒரு வீட்டுப் பூனையின் ஒரே ஈற்றை யாரும் வந்து எட்டிப் பார்க்கப்போவதில்லை. பார்க்கிற பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர்கள் தலையில்.

பஞ்சுவின் உடம்பு

தடுப்பூசி அட்டையில் ட்ரைகேட் (பூனைகளின் மூன்று வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி) ஊக்க ஊசி விட்டுப்போயிருந்தது. அதையும் வெறிநாய்க்கடி ஊசியையும் இணை சேர்ப்பதற்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசியைச் சினையில் போட்டால் குட்டிகளின் சிறுமூளை வளராமல் போகலாம். அப்படிப் பிறந்த குட்டி நடக்கும்போது ஆயுள் முழுக்கத் தள்ளாடும். பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி., லுகீமியா வைரஸ் இரண்டுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் சோதனை: இல்லை என்று வந்தது. குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று.

சிக்கல் காது மடலுக்குப் பின்னால் இருந்தது. ஒரு ரூபாய் அளவுக்கு முடி உதிர்ந்த வட்டம். மகளின் முழங்கையிலும் ஒரு படர்தாமரை. பாட்டி அதற்கு ஏதோ களிம்பு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே பூஞ்சை. நீள முடிப் பூனைகளிடம் இது சாதாரணம், மனிதருக்கும் ஒட்டும், பிறந்த குட்டிகளுக்கு வந்தால் வீட்டையே ஆட்டி வைக்கும். இதற்குத் தரும் மாத்திரைகளைச் சினைப் பூனைக்குக் கொடுக்க முடியாது. கிரிசியோஃபுல்வின் குட்டிகளுக்கு உறுப்புக் குறையே உண்டாக்கும். ஆகவே மருந்து முடிந்து, பூஞ்சை போய்விட்டது என்று மருத்துவர் உறுதி செய்யும் வரை எல்லாம் நின்றது. செப்டம்பர் கடைசியில் இணை சேர்ப்பதாக அவர்கள் போட்டிருந்த திட்டம் போயே போயிற்று. மனைவிக்கு வருத்தம்தான்.

பெர்ஷியனில் கட்டாயம் பார்க்க வேண்டியது சிறுநீரகம். பி.கே.டி. என்று சொல்லப்படும் நீர்க்கட்டி நோய் இந்த இனத்தில் பரம்பரையாக ஓடுகிறது. பிறவியிலேயே இருக்கும் மிகச் சிறிய கட்டிகள் மெல்ல மெல்லப் பெருத்து, பெரும்பாலும் நடுவயதில் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். அதுவரை பூனை ஆடும், ஓடும், தின்னும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து மாத வயதுக்கு மேல் ஸ்கேனில் நம்பகமாகத் தெரிந்துவிடும். கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்து மரபணுச் சோதனையும் செய்யலாம். பஞ்சுவின் ஸ்கேன் சுத்தமாக வந்தது.

ரத்தப் பிரிவையும் பார்த்தோம். பூனைக்கு ஏ, பி, அபூர்வமாக ஏபி. பி பிரிவுத் தாய்க்கு ஏ பிரிவுக் குட்டி பிறந்தால், சீம்பாலில் வரும் எதிர்ப்புப் பொருளே குட்டியின் ரத்தத்தை உடைத்துவிடும். நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, ஓரிரு நாளில் சிறுநீர் கருஞ்சிவப்பாகிச் செத்துப்போகும் குட்டிகளில் சில இந்தக் கணக்கு. "கண் பட்டுடுச்சு" என்பார்கள். பஞ்சு ஏ பிரிவு என்பதால் அந்தக் கவலை விட்டது.

கடுவன் தேடிய கதை

பெட்டை வைத்திருப்பவர்கள் இவ்வளவு பார்த்தாலும் கடுவன் பக்கம் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற கூச்சம்.

முதல் கடுவன் விளம்பரத்தில் பிடித்தது. "எக்ஸ்ட்ரீம் பஞ்ச்" முகம், அதாவது மூக்கு கண்ணுக்கு நடுவே அழுந்திப்போனது. நம் ஊரில் விலை முகத்தை வைத்துத்தான்: டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச், எக்ஸ்ட்ரீம் என்று தட்டையாகத் தட்டையாக ஏறும். தட்டை முகத்துக்கு மூச்சுத் திணறல், கண்ணீர் வழிதல், பல் கோணல் எல்லாம் கூடவே வரும். பெரிய உருண்டைத் தலை பிறப்பு வழியில் சிக்கவும் செய்யும். கடலூர் ஏப்ரல் மே வெயிலில் அப்படிப்பட்ட பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தவர்கள் அந்த முகத்துக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "எங்க கடுவனுக்கு இருபது மேட்டிங் ஆகியிருக்கு, ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லை" என்று பதில். அத்தோடு விட்டோம்.

இரண்டாவது கடுவன் கடலூரிலேயே ஒரு பழக்கடைக்காரர் வீட்டில் இருந்தது. மூன்று வயது, டால் ஃபேஸ், குழந்தைகள் தூக்கி வைத்துக்கொண்டாலும் சும்மா இருக்கும் குணம். உரிமையாளர் நல்ல மனிதர். சோதனை எதற்கு என்று விளக்கியதும், "அதுக்கென்னம்மா, எனக்கும் தெரிஞ்சுக்கணும்ல" என்று அவரே பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் கட்டிகள். திரையில் கறுப்பு வட்டங்களாக அவருக்கே தெரிந்தன. அந்தக் கடுவன் அதுவரை ஐந்து பெட்டைகளுக்கு இணையாகப் போயிருந்தது, எல்லாம் தெரிந்தவர்கள் வீட்டுப் பெட்டைகள்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மருத்துவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுக்கு வலிக்குமா?" இப்போதைக்கு வலிக்காது, தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைக் குறித்த காலத்தில் ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அடுத்த மாதம் அந்தக் கடுவனுக்குக் கருத்தடை செய்தார். செய்த பிறகும் சில வாரம் பெட்டைகளிடம் விடக் கூடாது என்பதையும் ஞாபகம் வைத்து அறைக்குள்ளேயே வைத்திருந்தார். இந்த மொத்த நிகழ்விலும் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

மூன்றாவது கடுவன் புதுச்சேரி லாஸ்பேட்டையில். டால் ஃபேஸ், ஸ்கேன் சுத்தம், எஃப்.ஐ.வி. இல்லை, வெளியே திரிவதில்லை. எஃப்.ஐ.வி. கடியில் பரவுவது, ஆகவே கடைசி விஷயம் முக்கியம். மேட்டிங் சார்ஜ் என்று பணம் கேட்கவில்லை. ஒரு குட்டி கேட்டார்கள். அவர்களும் அதே மூன்று கேள்விக்குப் பதில் சொல்லி, நான்காவது வீடாக ஆனார்கள்.

காலம் பார்த்தது

பூனைக்குச் சினைக்காலம் 63 முதல் 65 நாள். குட்டி எந்த மாதத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்து பின்னோக்கி எண்ண வேண்டும். கடலூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், அக்னி நட்சத்திரத்தில் வெயில். நடுவில் பிப்ரவரி, மார்ச் தோதானது.

செப்டம்பர் கடைசியில் இணை சேர்ந்திருந்தால் பஞ்சு நவம்பர் கடைசியில் ஈன்றிருக்கும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரில் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. அவர்கள் வீட்டில் மின்சாரம் இல்லை, கீழ் வீட்டுக்காரர்கள் சாமான்களோடு இவர்கள் ஹாலில் வந்து தங்கினார்கள். சண்டை போட்ட அதே வீட்டுக்காரர்கள்தான். பஞ்சு பீரோ மேலேயே கிடந்தது.

டிசம்பர் நடுவில் மறுபடி கத்தியதும் லாஸ்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள். கடுவன் தன் இடத்தில்தான் தைரியமாக இருக்கும் என்பதால் பெட்டையைத்தான் கொண்டுபோக வேண்டும். இருவருக்கும் நகம் வெட்டியாயிற்று. பூனைக்கு முட்டை தானாக வெளிப்படுவதில்லை, இணை சேர்ந்த தூண்டுதலில்தான். ஒரு முறை போதாமல் போகலாம். மூன்று நாள் அங்கே விட்டுவைத்தார்கள், தேதிகளைக் குறித்தார்கள். திரும்பி வந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் ஜன்னலை வலை போட்டு மூடச் சொன்னேன். அந்த நாட்களில் தெருக் கடுவன் வந்துவிட்டால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறக்கலாம். லாஸ்பேட்டைக் கடுவனுக்குப் பார்த்த சோதனையெல்லாம் அப்போது எதற்கு?

சினையில்

ஜனவரி இரண்டாம் வாரம் ஸ்கேனில் சினை உறுதி. பிப்ரவரி 5-ல் எக்ஸ்ரே: நான்கு தலை, நான்கு முதுகெலும்பு.

சாப்பாட்டில் பாட்டியோடுதான் மல்லுக்கட்டு. "புள்ளத்தாச்சிக்கு வாய்க்கு ருசியா குடுக்கணும்" என்று தினமும் தயிர்சாதமும் பச்சை மத்தி மீனும் வைத்தார். பூனை கறி தின்றே வாழும் பிராணி. டாரின் என்ற சத்து குறைந்தால் கரு கரைந்துபோகும், பிறக்கும் குட்டியும் சோனியாக இருக்கும். தயிர்சாதம் வயிற்றை நிரப்பி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சை மத்தியில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். ஈரலும் தினமும் ஆகாது. அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் குட்டிக்கு அண்ணம் பிளக்கலாம். குட்டிகளுக்கான உலர் உணவுக்கு மெல்ல மாற்றி, கூடவே வேகவைத்த கோழி என்று சமாதானம் ஆயிற்று. பாட்டிக்கு வேகவைத்த மீன் வாரம் ஒரு நாள் கொடுக்க உரிமை உண்டு.

கணவனின் தங்கை அப்போது கர்ப்பம், பிறந்தகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். பூனையை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தது. பூனை மலத்தில் வரக்கூடிய, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி நோய் பரப்பும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மண் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். கணவன் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

ஈனும் இடத்துக்கு ஒரு மிக்ஸி அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் வாசல் வெட்டி, அடியில் செய்தித்தாள், மேலே பழைய நூல் புடவை. துண்டு வேண்டாம், அதன் நூல் கண்ணியில் குட்டியின் நகம் மாட்டும். கிராம் காட்டும் சமையல் தராசு. குட்டிகளுக்கான பால் மாவு ஒரு டப்பா. மருத்துவர் எண், இரவில் வரும் ஆட்டோக்காரர் எண், இரண்டும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தன. கடலூரில் மருத்துவர் கிடைக்காவிட்டால் எங்கே என்பதும் பேசி வைக்க வேண்டும்; புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது, எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்று முன்னாலேயே போனில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அறுவைக்கு என்று பதினைந்தாயிரம் ரூபாய் தனிக் கவரில். அந்தக் கவரைத் தொடக் கூடாது.

பிப்ரவரி 17

முந்தைய நாள் மாலை உடம்புச் சூடு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியது. வழக்கமாக 101-ஐ ஒட்டியிருக்கும். இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும் என்று பொருள். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் முதல் குட்டி, அரை மணியில் இரண்டாவது. பஞ்சுவே பனிக்குடத்தைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கிச் சுத்தம் செய்தது. யாரும் கை வைக்கவில்லை.

அப்புறம் முக்கல் தொடங்கியது. பலமான முக்கல், குட்டி வரவில்லை. இரண்டு குட்டிக்கு நடுவே பூனை சும்மா படுத்து ஓய்வெடுத்தால் மணிக்கணக்கில் ஆனாலும் பயமில்லை. விடாமல் முக்கி அரை மணிக்குள் குட்டி வரவில்லையென்றால் கிளம்பிவிட வேண்டும். மகள் நேரம் எழுதிக்கொண்டே இருந்ததால் வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டு குட்டிகளையும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு சின்னப் பெட்டியில் வைத்துத் தாயோடு எடுத்துப் போனார்கள்.

மூன்றாவது குட்டி பின்புறமாக வந்து சிக்கியிருந்தது. மருத்துவர் கையால் எடுத்தார், உயிரில்லை. கால்சியமும், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் அளவாகவும் கொடுத்த பிறகு நான்காவது தானாக வந்தது. ஆக்ஸிடோசினை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குட்டி குறுக்கே நிற்கும்போது போட்டால் கருப்பை கிழியலாம். எக்ஸ்ரேயில் நான்கு என்று தெரிந்திருந்ததால்தான் நான்காவதுக்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எடை 104, 98, 87 கிராம். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்தார்கள். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். 87 கிராம் குட்டி மூன்றாம் நாள் ஒரு கிராமும் ஏறவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தராசு இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. முதலில் உடம்பைச் சூடாக்கி, பிறகே பால் மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்து ஊட்டினார்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. மல்லாத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். முதல் வாரம் குட்டிகளுக்குச் சுற்றிலும் 30 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும், கடலூர் பிப்ரவரி இரவே அவற்றுக்குக் குளிர்தான். ஒரு வாரத்தில் சின்னது மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. பசும்பால் யாரும் கொடுக்கவில்லை, பாட்டி உட்பட.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதற்குப் பயப்படாது. குக்கர் விசில், மிக்ஸி, கீழ் வீட்டுக் குழந்தை எல்லாம் பழகியாயிற்று. ஏழாம் வாரம் பஞ்சு மறுபடி கத்தியது. ஜன்னல் வலை அப்படியே இருந்தது.

கைமாறியது

குட்டிகள் போனது மே நடுவில், பன்னிரண்டு வாரம் முடிந்து, இரண்டு ட்ரைகேட் ஊசி போட்ட பிறகு. நான்கு வீட்டில் ஒன்று கோயம்புத்தூர் மாற்றலாகி விலகிவிட்டது. மூன்று குட்டிதான் என்பதால் கணக்கு சரியாகிப்போனது, ஆனால் அப்படித்தான் ஆகும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து: இந்தத் தேதிக்குள் கருத்தடை, வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தருவது.

நோட்டுப் புத்தகத்தில் மொத்தச் செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. வந்தது ஊசிச் செலவுக்கு இரண்டு வீட்டார் கொடுத்தது மட்டும். கணவன் பத்தாயிரத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை. பால் வற்றியதும் ஜூனில் பஞ்சுவுக்குக் கருத்தடை ஆயிற்று.

பழக்கடைக்காரர் தன் கடுவனோடு இணைந்த ஐந்து பெட்டை வீட்டாருக்கும் தானே போன் செய்து சொன்னார். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் போனை எடுக்கவே இல்லை. இரண்டு வீட்டார் குட்டிகளை ஸ்கேனுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வயது தாண்டிய ஒரு பெட்டைக்குக் கட்டி இருந்தது. அதற்கு அடுத்த வாரம் கடுவன் பார்ப்பதாக இருந்தார்கள். கருத்தடைக்குத் தேதி வாங்கிக்கொண்டு போனார்கள்.